ஆணி அறையாத அலுமாரி

குறிகட்டுவான் இறங்குதுறையில் பவதாரணியின் வேப்பமர அலுமாரி, நயினாதீவுக்குச் சனம் ஏற்றும் வள்ளத்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. சரித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், போகவில்லை. அட, அங்குள்ள யாத்திரிகர் மடத்தின் அறை வாசல்களையெல்லாம் அளந்துகொண்டு வந்தவள் இந்த வாசலை அளந்தாளா? இல்லையே! எந்நாளும் சாமான் வள்ளத்தில் ஏற்றிப் பழகியவள். இன்று காற்றுக்கு அது ஓடவில்லை.

“கூரையிலை போட்டுக் கட்டுங்கோவன், அண்ணை,” என்று கெஞ்சினாள்.

“இந்தக் காத்துக்கோ? ஏலாது, பிள்ளை. சனத்தோடை கவிண்டுபோம்,” என்றார் வள்ளக்காரர் சவிரிமுத்து.

“கோதாரி விழுந்த காத்து!” என்று திட்டினாள்.

நாளைக்கென்று தள்ளவும் வழியில்லை. மடத்துக்காரர் ஐயாத்துரை இன்று மத்தியானம் இரண்டு அலுமாரிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, பிடித்ததையே எல்லா அறைகளுக்கும் எடுக்கப் போகிறார். ஒன்று இவளுடையது, மற்றது கொழும்புக் கொம்பனியுடையது. அந்த ஓடர் கிடைத்தால் வேலணையில் இவளுடைய பட்டறை பிழைக்கும். கிடைக்காவிட்டால் பூட்டுத்தான். கட்டாருக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த தச்சன் ஜெகதீஸை, “இந்த ஓடர் வரட்டும், பொறும்,” என்று மறித்து வைத்திருந்தவளும் அவள்தான்.

விலையில் கொம்பனிக்குக் கிட்டவும் நிற்க முடியாது. அவளுக்கு இருந்த ஒரே பெருமை பொருத்து. ஓர் ஆணி கிடையாது, ஒரு பலகையின் துளைக்குள் மற்றதன் கழுந்து முனையை இறுக்கினால் ஒரே மரம். “கொம்பனி அலுமாரி கழட்டிப் பூட்டுறது, அண்ணை. ஆடும். என்ரை ஆடாது,” என்று சொல்லித்தான் கூடின விலைக்கு ஐயாத்துரையின் மனதை இளக்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கொம்பனிப் பெடியள் இரண்டு பேர், அலுமாரியைக் கழட்டி அடுக்கிய தட்டைப் பெட்டிகளோடு வந்தார்கள். தலையைக் குனிந்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான்!

சவிரிமுத்து கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

“ஜெகதீஸ், வாளை எடும்,” என்றாள் பவதாரணி, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம்.

“என்னத்துக்கு, அக்கா?”

“நடுவாலை அறுப்பம். அங்கை போய் இரும்புப் பட்டி வைச்சுப் பூட்டலாம்.”

“ஐயோ, என்னாலை ஏலாது. நான் செய்தது, அக்கா.”

அவளே அறுத்தாள். அழுதழுது அறுத்தாள். வாள் இரண்டு இடத்தில் கோணிப்போனது. சனம் வாயைப் பிளந்து பார்த்தது. சவிரிமுத்து பாவப்பட்டுப் பொறுத்து நின்றார்.

மடத்தில், ஜன்னல் வேலைக்கென்று பையில் கிடந்த இரும்புப் பட்டிகளையும் ஸ்குரு ஆணிகளையும் வைத்து ஜெகதீஸ் இரண்டு பாதிகளையும் சேர்த்தான். கொம்பனி அலுமாரி அதற்கு முன்னமே பளபளவென்று எழும்பி நின்றது. ஐயாத்துரை நல்ல மனிதர், நையாண்டி பண்ணவில்லை. வெட்டின இடத்தில் விரலை ஓட்டினார். கதவைத் திறந்து மூடினார். அலுமாரி ஆடியது.

“இதுவும் கழட்டிப் பூட்டுறதுதானே, பிள்ளை? பிறகு என்னத்துக்கு நான் கூடக் காசு தாறது?”

அவள் சொல்லிக்கொடுத்த கதையைத்தானே அந்த மனிதர் திருப்பிச் சொல்கிறார்!

திரும்பும் வள்ளத்தில், கழட்டின இரண்டு பாதிகளும் லேசாக உள்ளே போயின. இருக்க இடமில்லாமல் ஆளுக்கொரு பாதியில் குந்திக்கொண்டார்கள். ஜெகதீஸ் வாளைத் துணியில் சுற்றினான்.

“கட்டாருக்குப் போற பாஸ்போட் அலுவலுக்கு எப்ப போறீர்?” என்று அவளே கேட்டாள்.

“நீங்கள் சொல்லுறபடி, அக்கா.”

“நாளைக்கே போம்,” என்றாள்.