உட்கார்ந்தபடியே நூற்றுத் தொண்ணூறு

நாள் முழுக்க உட்கார்ந்தே கிடந்தால் இதயம் கெட்டுவிடும் என்று எங்கள் மேலாளர் எங்கேயோ படித்துவிட்டார். உடனே ஒரு போட்டி. ஆளுக்கொரு கைக்கடிகாரம், அது துடிப்பை எண்ணும். மாதக் கடைசியில் யார் துடிப்பு அதிகம் ஏறியிருக்கிறதோ அவருக்கு சைக்கிள். இதை யோசித்த மூளைக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் நான் தினமும் நாக்குத் தள்ள ஓடினேன். சைக்கிள் நிறுத்த வராந்தாவில் இடம்கூட ஒழித்து வைத்தேன்.

பட்டியலில் முதலிடம் ஆமைக்கு! ஆமை என் பக்கத்து மேஜைக்காரன். ஒரு மாடி ஏறவும் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவன். அவனுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே நூற்றுத் தொண்ணூறு, அதுவும் மூன்று முறை. எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் தொழிலே மருத்துவக் காப்பீடு கேட்டு வரும் ஃபைல்களில் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். எத்தனையோ பேருடைய நோயை ஒரே வரியில் இல்லையென்று ஆக்கிய கை என்னுடையது. அந்தக் கையாலேயே மேலாளருக்குப் புகார் எழுதினேன்: ‘ஆள் ஏமாற்றுகிறார். நடவடிக்கை தேவை.’

விசாரணைக்கு ஆமை வேர்த்துப்போய் வந்து உட்கார்ந்தான்.

“கடிகாரத்தை என்ன பண்ணீங்க?” என்றார் மேலாளர்.

“ஒண்ணும் பண்ணல சார். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இப்பக்கூட...”

“மாட்டிக்கிட்டா எல்லாருக்கும்தான் கண்ணு இருட்டும்,” என்றேன் நான். மேலாளர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டிப் பார்த்தார். எழுபத்தெட்டு. திரும்ப அவன் கையில் கட்டினார். நூற்றுத் தொண்ணூற்று நாலு.

“அப்ப கடிகாரத்துல கோளாறு இல்ல. கோளாறு உங்ககிட்டதான்.”

அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் பேசிய ஒரே உண்மை அது. ஆமை நாற்காலியிலிருந்து சரிந்தான்.

ஆம்புலன்சில் வந்தவர்கள் நெஞ்சில் மின்சாரம் கொடுத்து அவனை மீட்டார்கள். மருத்துவமனையில் டாக்டர் எனக்கு விளக்கினார். “இதயத்தோட கீழறை தன்னிஷ்டத்துக்கு உத்தரவு போட ஆரம்பிச்சிடுச்சு. அந்த வேகத்துல ரத்தம் உள்ள நிரம்பவே நேரமில்ல. சும்மா அடிச்சுக்குமே தவிர, உடம்புக்கு ரத்தம் சரியா போகாது. விட்டிருந்தா அப்படியே நின்னிருக்கும்.” அவர் சொன்ன நோயின் பெயரை எத்தனையோ ஃபைலில் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலேதான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மறுபடி அந்தப் படபடப்பு வந்தால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து நிறுத்த ஒரு சின்னக் கருவியை அவன் தோளுக்குக் கீழே வைத்துத் தைத்திருந்தார்கள். அவன் மனைவி எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“அண்ணா, நீங்க கூப்பிட்டு விசாரிச்சதாலதான் நாலு பேர் இருக்கற இடத்துல விழுந்தாரு. நீங்கதான் காப்பாத்துனீங்க.”

“என் கடமைம்மா,” என்றேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

ஆமை மெல்லக் கண்ணைத் திறந்தான். “சைக்கிளை நீயே எடுத்துக்கடா. ஆனா என் ஃபைல் உன் மேஜைக்குத்தான் வரும். அதுலயும் அதையே எழுதிடாத.”

“எதைங்க?” என்று கேட்டார் அவன் மனைவி.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்தேன். என் கையிலும் கடிகாரம் இருந்தது. நூற்று முப்பது காட்டியது. நான் ஓடவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்தேன்.