உம்ராவில் கிடைத்த அக்கா

சம்சாத் பேகம் மக்காவுக்கு உம்ரா பயணம் போய் வந்து ஏழு மாதம் ஆகிறது. கொண்டு வந்த பேரீச்சம்பழம் தீர்ந்தது, ஜம்ஜம் தண்ணீர் தீர்ந்தது, ஃபர்சானாக்கா பேச்சு மட்டும் தீரவில்லை. செங்கல்பட்டில் அவள் தெருவில் அந்தப் பெயரைக் கேட்காத காதே கிடையாது. முட்டுக்காட்டில் பங்களா, வாசலில் இரண்டு கார். அப்பேர்ப்பட்டவள் பதினான்கு நாள் என்னோடு ஒரே அறையில் இருந்தாள், என் தோளில் சாய்ந்து அழுதாள் தெரியுமா என்று சொல்லும்போது சம்சாத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மதீனாவில் ஃபர்சானாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் சம்சாத்தான் கஞ்சி ஊட்டினாள், வாந்தி அள்ளினாள், துணி துவைத்தாள், கால் பிடித்துவிட்டாள். உம்ராவுக்கு வந்த இடத்தில் கூட வந்தவருக்குப் பணிவிடை செய்தால் நன்மை உண்டு. இவர்களில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்மைக்காகத் தொடங்கியதுதான். நாலாவது நாள் அது பிரியமாகிவிட்டது. ஊர் திரும்பும் அன்று ஃபர்சானா தன் கையிலிருந்து ஒரு தங்க வளையலைக் கழற்றி நீட்டினாள். சம்சாத் அதை அவள் கையிலேயே திரும்ப மாட்டிவிட்டாள்.

பஜாரில் பாய், தலையணைக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் கிஃபாயத்துல்லா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொண்ணு கல்யாணத்த வெச்சிகினு, தானா வர்ற தங்கத்த வாணான்னு சொல்லிட்டு வந்து நிக்கிறியே. இன்னா பொம்பள நீ?"

"தங்கம் எப்ப வோணா வாங்கிக்கலாம். போற வழில அப்டி ஒரு மனுசி கெடைப்பாளா? எனக்குக் கெடச்சா."

வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபர்சானாவுக்கு வாட்ஸப்பில் ரோஜாப்பூ படம் போட்ட ஜும்மா வாழ்த்து போகும். பதிலுக்கு இரண்டு நீல டிக் வரும். அதுவே சம்சாத்துக்குப் போதுமானதாக இருந்தது. பெரிய வீடு, ஆயிரம் வேலை இருக்கும் என்பாள்.

மகள் ஷஃபானாவின் கல்யாணம் நிச்சயமானதும் முதல் பத்திரிகை யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். தன் கையால் தம்ரூட் இனிப்பு கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ மாறி முட்டுக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பெண்ணுக்குப் பக்கத்தில் ஃபர்சானாக்காவைத்தான் உட்கார வைப்பது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"அடடே, சம்சாத்து! உனுக்கு நூறு ஆயுசு. இப்பதான் உன்னப் பத்திப் பேசிகினு இருந்தோம்" என்றாள் ஃபர்சானா. சம்சாத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சோபாவின் நுனியில் இல்லாமல் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள்.

ஃபர்சானா மருமகளைக் கூப்பிட்டாள். "இங்க வாம்மா. உம்ராவுல டிராவல்ஸ்ல எனக்கு ஒரு ஆளு குடுத்தாங்கன்னு சொன்னேன்ல, இவதான். எத்தினி வாட்டி கூப்ட்டாலும் மூஞ்சி கோணாது. வளையலக் குடுத்தேன், வாங்கல. கம்மின்னு நெனச்சாளோ இன்னாவோ!"

சம்சாத் சிரித்தாள். அக்கா கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

"அடுத்த மாசம் இருவதாந்தேதி என் மாமியார் உம்ரா போறாங்க. அதே சம்சாத்தப் போடுங்கன்னு டிராவல்ஸ் சைஃபுல்லாகிட்ட சொல்லிக்கீறேன்."

அப்போதுதான் உறைத்தது. புறப்படுமுன் சைஃபுல்லா அவளிடம், "முட்டுக்காட்டு அம்மா தனியா வராங்க, உங்க ரூம்லதான், கொஞ்சம் பாத்துக்கங்க்கா, நன்மை கெடைக்கும்" என்று சொல்லியிருந்தான். பாவி, அங்கே இவளையே பணிவிடைக்கு ஆள் என்று காட்டிவிட்டிருக்கிறான்.

"அக்கா, நான் ஆளு இல்லக்கா. நானும் உங்கள மாதிரி காசு கட்டி உம்ராவுக்கு வந்தவதான்."

ஃபர்சானாவின் நெற்றி சுருங்கியது. "அப்பறம் எதுக்கு என் துணியெல்லாம் துவச்ச?"

அதில் குத்தல் இல்லை. அதுதான் கொடுமை. குத்தலாக இருந்திருந்தால் சம்சாத் ஒரு வாங்கு வாங்கிவிட்டு எழுந்து வந்திருப்பாள். ஃபர்சானாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. சிநேகம் என்று சொல்ல வாயெடுத்த சம்சாத்துக்கு, அந்த ஹாலில், மருமகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஃபர்சானாவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. முன்பின் தெரியாத ஒருத்தி தன் சோபாவில் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கத் தொடங்கினாள்.

அந்தப் பார்வையைச் சம்சாத்தால் தாங்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவள், "சும்மா தமாசுக்கா. சைஃபுல்லாதான் என்ன அனுப்புனாரு" என்றாள்.

ரோஷம் கெட்டவள் என்று சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஃபர்சானாவின் முகம் பழையபடி மலர்ந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயமுறுத்திட்டியே! நாஸ்தா துன்னியா? கிச்சன்ல போயி சாப்டு." தம்ரூட் டப்பாவை வேலைக்காரம்மா திறக்காமலே உள்ளே கொண்டுபோனாள். பத்திரிகையைப் பிரித்த ஃபர்சானா பெயர்களின் மேல் ஒருமுறை கண்ணை ஓட்டினாள். "சந்தோசம். டிரைவராண்ட எதுனா குடுத்தனுப்பறேன். மாமியாரக் கூட்டிகினு போறல்ல?"

சம்சாத் கணக்குப் போட்டாள். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பயணம். மறுபடியும் அதே மதீனா, அதே மாதிரி ஓர் அறை. மாமியார் தூங்கின பிறகு அக்காவும் தானும் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசலாம். பத்து நாள் போனால் இவளுக்கே எல்லாம் விளங்கிவிடும். அதற்காக ஆளாகப் போனால்தான் என்ன?

"போறேன்க்கா. நீங்களுந்தான வரீங்க?"

ஃபர்சானா மருமகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லா கேட்ட போ! நானே போறதுன்னா நீ எதுக்குடி?"