செவலைக்குக் கூட்டம் ஆகாது

"எந்த ஜாதி நாய்னு அப்புறம் பேசலாம் சார். மொதல்ல உங்க ஊட்டப் பத்தி சொல்லுங்க" என்றார் ராமதாஸ்.

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே வேர்க்கடலைக் கொல்லை நடுவில் நாய் வளர்ப்பவர் அவர். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த செழியன் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் இறங்குவார். வீட்டுப் பின்பக்கத்து மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து நாய்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார். லேப்ரடார் திருடனுக்கும் வாலாட்டும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்த ஊர் வெயில் ஆகாது. ராஜபாளையம் தன்னை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். கடைசியில் சிப்பிப்பாறை என்று முடிவு செய்திருந்தார்.

"நானும் என் சம்சாரமும்தான். பொண்ணு கோயம்புத்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு."

"ஊட்டுக்கு யார் யாரு வந்து போவாங்க?"

"யாரும் வர்றதில்லீங்க" என்றார் செழியன். மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது.

ராமதாஸ் உள்ளே போய் ஒரு நாயைக் கூட்டி வந்தார். ஒரு வயது தாண்டிய சிப்பிப்பாறை. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, குறுகிய முகம். "இது எல்லார்கிட்டயும் போவாது சார். ஒருத்தர புடிச்சிக்கிச்சின்னா அவரோடவே கெடக்கும். ஆனா ஜன சந்தடி ஆகாது. யாரும் வராத ஊட்டுக்கு இத விட்டா வேற நாய் கெடையாது."

செழியன் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தார். அடி அண்ணாமலையில் இருந்த வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே அது அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தால் காலடியில் படுத்துக்கொள்ளும். பக்கத்தைப் புரட்டும் சத்தத்துக்கு ஒரு காது மட்டும் அசையும். மணிக்கணக்காக இருவரும் அப்படியே இருப்பார்கள். பேசச் சொல்லிக் கேட்காத ஒரு துணை தன் வாழ்க்கையில் இதுதான் முதல் என்று செழியனுக்குத் தோன்றியது. அதை மனைவி தனத்திடம் அவர் சொல்லவில்லை.

பிறகு பௌர்ணமி வந்தது.

அவர்கள் வீடு கிரிவலப் பாதையின் மேலேயே இருந்தது. மகள் நல்லபடியாகப் பிறந்தால் மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் கொடுப்பதாகத் தனம் வேண்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரு பௌர்ணமி தவறியதில்லை. கேட் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், வாசலில் அண்டா இருக்கும். அன்றைக்கு மட்டும் செழியன் மதியத்திலிருந்தே ஓரத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சு வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்.

இந்த முறை செவலையும் அவரோடு உள்ளே இருந்தது. வெயில் தாழ, பாதையில் ஜனம் பெருகப் பெருக, அதன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அவர் தடவிக் கொடுத்தார், நடுக்கம் நிற்கவில்லை. தண்ணீர் கொண்டுவரலாம் என்று கதவைத் திறந்தார். வெளியே பாய்ந்த நாயின் கழுத்துப் பட்டையை எட்டிப் பிடித்தார், அதன் குறுகிய தலை வழுக்கி வெளியே வந்தது. அவர் கையில் பட்டை மட்டும் மிஞ்சியது. வாசலில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

டம்ளருக்கு நீட்டிய கையில் இரண்டு பல் பதிந்திருந்தது. தனம் அந்தக் கையைக் குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். ஆட்டோவில் ஏற்றி, தானே கூடப் போய் ஊசி போட வைத்துவிட்டு வந்தாள். அண்டாவில் பாதி மோர் அப்படியே இருந்தது.

"ஏங்க, அந்த ராமதாஸ் அண்ணன் உங்கள ஒண்ணுமே கேக்காமயா இதக் குடுத்தாரு?"

"கேட்டாரு. வீட்டுக்கு யாரு வருவாங்கன்னு கேட்டாரு."

"என்னா சொன்னீங்க?"

செழியன் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். "யாரும் வர்றதில்லன்னு சொன்னேன்."

தனம் கத்தவில்லை. அண்டாவை மூடி வைத்தாள். "மாசாமாசம் இந்த வாசல்ல ஊர் ஜனமே நின்னு குடிச்சிட்டுப் போவுது. உங்க கணக்குல அது யாருமே இல்ல. அப்ப ஊத்திக்கினு இருந்த நானும் யாருமில்லதான்" என்றாள். பிறகு, "நாய் இருக்கட்டும், இல்ல மோர் இருக்கட்டும். ரெண்டும் ஆவாது" என்றாள்.

செழியனின் காலடியில் செவலை வந்து படுத்தபோது குனிந்து அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செவலையைத் திருப்பிக் கொடுக்க மூவருமாக ஆட்டோவில் கீழ்பென்னாத்தூர் போனார்கள். ராமதாஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, உட்டுட்டுப் போங்க. வேற நாய் தரேன். ஆனா இந்த வாட்டி கரெக்டா சொல்லுங்க சார். ஊட்டுக்கு யாரு வராங்க?" என்றார்.

செழியன் கொல்லையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். "செஞ்சியிலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, கால் வீங்கினவங்க. கேட்டு ஓரமா உக்காந்து, எழுந்திரிக்கிறப்ப எங்க வீட்டம்மா தோளப் புடிச்சிக்குவாங்க. ஒருத்தர் பேசவே மாட்டார். ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போவாரு. ஆந்திராக்காரங்க உப்பு ஜாஸ்தி கேப்பாங்க..."

தனம் திரும்பிப் பார்த்தாள். "கதவச் சாத்திக்கினுதான இருப்பீங்க?"

"ஜன்னல் இருக்கே."

செவலை அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. தனம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, வேற நாய் வேணாம்" என்றாள் ராமதாஸிடம். "இதுக்குக் கூட்டம் ஆகாது. அது தப்பா? பௌர்ணமிக்கு மட்டும் உங்க கொல்லையில கட்டி வச்சிக்குவீங்களா?"

"அதுக்கென்னம்மா, தாராளமா."

"இவரையும் சேத்துதான்."

ராமதாஸ் சிரித்தார். செழியனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த பௌர்ணமியன்று காலையில் செவலையைக் கொண்டுபோய்க் கொல்லையில் விட்டார். கயிற்றுக் கட்டில் வேப்ப மரத்தடியில் போட்டிருந்தது. பையில் புத்தகம் இருந்தது. காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. இத்தனை வருடமாக அவர் பௌர்ணமிதோறும் விரும்பியது இதைத்தான். அரைப் பக்கம் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி, நாயின் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்தார்.

திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ அவர் காலை மிதித்தார்கள், யாரோ மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டார்கள். ஊருக்குள் இறங்கி, ஜனத்தோடு ஜனமாகப் பாதையில் நடந்து அவர் வீடு சேர்ந்தபோது வாசலில் வரிசை நீண்டிருந்தது.

தனம் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த சொம்பை அவரிடம் நீட்டினாள்.

"மெதுவா ஊத்துங்க" என்றாள். "யாரையும் கடிச்சிடாதீங்க."