ரப்பர்க் குழாயின் கிழிசல்

கோலியர்ஸ் வுட்டில் பின்தெரு ஒன்றில் கராஜ் வைத்திருந்த றெஜினோல்டுக்குத் தமிழ்ச் சனத்திடம் நல்ல பெயர். ஜேர்மனியில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். சத்தத்தைக் கேட்டே காருக்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்தப் பேச்சு அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

2009 ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிவகௌரி தன் காரோடு மறுபடியும் வந்து நின்றாள். வெம்பிளியில் மருந்துக்கடை நடத்துகிறவள். பதின்மூன்று வருடப் பழசான அந்த ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் காரைக் கழுவக்கூட வேறொருவரை விடமாட்டாள்.

“றெஜி அண்ணை, இன்னும் அதே பிழைதான். மெதுவாப் போனா ஒண்டும் இல்லை. மோட்டர்வேயில ஏறேக்க மிதிச்சா விக்கி விக்கி இழுக்குது. பின்னால லொறி. எனக்கு நெஞ்சே நிண்டுபோச்சு.”

ஜூலையில் சேர்விஸ் செய்த பிறகு தொடங்கிய விக்கல் அது. அவள் முதல் தரம் முறையிட்டபோது றெஜினோல்ட் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “பிளக் மாத்தினது பெனடிக்ற்தான். கவனமில்லாமல் செய்திருப்பான்” என்று அவனை வைத்துக்கொண்டே சொன்னார். ஆறு வருடமாக அவரிடம் வேலைக்கு நின்ற பெனடிக்ற் மறுபேச்சுப் பேசாமல் கையைத் துடைத்தான். வாரக் கடைசியில் விலகி, ஹவுன்ஸ்லோவில் வேறொரு கராஜுக்குப் போய்விட்டான். இரண்டாம் தரம் றெஜினோல்டே பிளக்கையும் கொயிலையும் புதிதாகப் போட்டார். விக்கல் நிற்கவில்லை.

இந்த முறை கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்த்தார். பெற்றோலோடு கலக்கும் காற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. எங்கோ ஓர் ஓட்டை. ஆனால் நின்ற நிலையில் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும் ஸ்பிரேயைப் பொருத்துகளில் அடித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

“தங்கச்சி, ஏறி இருந்து பிரேக்கை இறுக்கி மிதியுங்கோ. கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கோ.”

பாரம் ஏறியதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சரிந்தது. காற்றை உள்ளே கொண்டுபோகும் தடித்த ரப்பர்க் குழாய் இழுபட்டது. அதன் அடிப்பக்கம் வாயைப்போலப் பிளந்தது. உஸ்ஸென்று ஒரு சீறல், எஞ்சின் விக்கியது.

டோர்ச்சை அடித்தார். கிழிசலைச் சுற்றிக் கறுப்புப் பசை பூசியிருந்தது.

பசை அவருடையது. சேர்விஸ் அன்று அந்தக் குழாயைக் கழற்றும்போது ஸ்குரூட்ரைவர் வழுக்கி அதைக் கிழித்தது அவர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டுக்குப் போகும் அவசரம். புதுக்குழாய்க்கு ஓடர் கொடுக்காமல் பசையைப் பூசி மறைத்தார். மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தார்.

சிவகௌரி இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். “பசை பூசியிருக்கே! ஆர் இந்த வேலை செய்தது? பெனடிக்ற்றோ?”

“ஓம்” என்றார். யோசிக்குமுன்னே வாய் சொல்லிவிட்டது.

“அவர் போனது நல்லதாப் போச்சு.”

வியாழக்கிழமை புதுக்குழாய் போட்டாயிற்று. காரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தவளின் முகமெல்லாம் சிரிப்பு. காத்திருந்த இரண்டு பேரிடம், “இவர்தான் கார் டொக்டர். விட்டுடாதேங்கோ” என்றாள். றெஜினோல்டுக்குக் காது மடல்கள் சுட்டன. ஒருவர் முகத்தையும் பாராமல் உள்ளே போய் நின்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஹவுன்ஸ்லோவுக்குப் போனார். பெனடிக்ற் ஒரு வான் வண்டியின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“பெனடிக்ற், அந்தக் குழாயைக் கிழிச்சது நான்தான். பிழையை உன்ர தலையில போட்டிட்டன்.”

“எனக்குத் தெரியும் அண்ணை” என்றான் அவன், நிமிராமல். “அண்டைக்குப் பிளக் மாத்தேக்க பசை இன்னும் காயேல்லை. கண்டனான்.”

“அப்ப ஏன் நீ வாய் திறக்கேல்லை?”

“அந்த அக்காவுக்கு முன்னால உங்களை எப்பிடிச் சொல்லுறது? நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.”

அங்கேயே நின்று சிவகௌரிக்குப் போன் எடுத்தார். முழுவதையும் சொன்னார்.

“நான் கேக்கேக்க ஓம் எண்டனீங்களே?”

“ஓம் தங்கச்சி. பொய் சொன்னனான்.”

“அந்த லொறி அடிச்சிருந்தா?”

அவர் போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

“பெனடிக்ற் இப்ப எங்க நிக்கிறார்? அட்ரஸைச் சொல்லுங்கோ.”

வாசல் போர்டைப் பார்த்து வாசித்துச் சொன்னார். பெனடிக்ற் கழற்றிய சில்லை உருட்டிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வரச்சொல்லிக் கேட்கவும்தான் றெஜினோல்ட் வந்திருந்தார். அதைக் கேட்காமலே திரும்பினார்.

சிவகௌரியின் கார் அதன் பிறகு கோலியர்ஸ் வுட் பக்கம் வரவில்லை. அவளை ஏன் காணோம் என்று ஆரும் விசாரித்தால் றெஜினோல்ட் காரணத்தை மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு தரமும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.