வள்ளத்துக்கு ஏது ரிக்கெற்?

காலை ஏழு மணி, குருநகர்க் கரையில் நண்டு நிறுக்கிற நேரம். அந்த நேரத்தில் பக்கத்து மீன்வாடி பற்றி எரிந்தாலும், வள்ளம் வைத்து நண்டு யாவாரம் செய்யும் சம்மாட்டி கிறிஸ்ரோபர் தராசிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார் என்று கரையில் ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட மனிதர் அந்தப் புதன்கிழமை, கூடை தராசில் தொங்கிக்கொண்டிருக்க, போனை எடுத்து ஒரு செய்தியை மூன்று தரம் வாசித்தார். நெற்றியைத் தடவினார். பிறகு நிறையை ஒரு கிலோ கூட்டியே சொல்லிவிட்டார். நண்டு கொண்டுவந்தவன் பதறிப்போனான். சம்மாட்டிக்கு ஏதோ வருத்தம் என்று முடிவுகட்டி, நாலு வீட்டில் சொல்லியும் விட்டான்.

வருத்தம் உடம்பில் இல்லை, மணிபேர்சில். வங்கி கொடுத்த கறுப்புக் கடனட்டைக்கு, அந்தக் 'காட்'டுக்கு, ஒரு வருடம் முடிகிறது. முதல் வருடம் சும்மா. இரண்டாம் வருடத்துக்குக் கட்டணம் அறுபதாயிரம் ரூபாய். வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காசு தானாகவே கழிந்துவிடும்.

அந்தக் காட் வந்த கதை எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். கழுத்துப்பட்டி கட்டின வங்கி உத்தியோகத்தர் ஒருவர் வீடு தேடி வந்து, சம்மாட்டியின் மனைவி றெஜினா வைத்த கேக்கில் மூன்று துண்டு சாப்பிட்டார். "சேர், இது பயணம் போறவைக்கெண்டே செய்த காட். எயாப்போட்டிலை தனி அறை, சும்மா சாப்பாடு, பயணத்துக்குக் காப்புறுதி. உலகத்திலை எந்த மூலையிலை அந்தரிச்சு நிண்டாலும் ஒரு நம்பருக்கு அடிச்சால் உதவி வரும். எல்லாருக்கும் குடுக்கிறேல்லை" என்றார். முன்னுக்குச் சொன்னது கிறிஸ்ரோபரின் காதில் பாதிதான் ஏறியது. அந்தக் கடைசி வசனம் முழுதாக ஏறிவிட்டது.

பங்குனியில் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். பலாலி விமான நிலையம் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம், அங்கிருந்தே சென்னைக்கு ஏறலாம். ஆனால் பலாலியில் அந்தக் காட்டுக்குத் தனி அறை இல்லையென்று யாரோ சொல்ல, மனிதர் வான் பிடித்து எட்டு மணித்தியாலம் ஓடிக் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். றெஜினா கட்டிக்கொண்டு போன புட்டுப் பார்சலை வாசலிலேயே ஒளிக்கச் சொன்னாராம். உள்ளே இரண்டு பற்றிஸும் ஒரு கிண்ணம் நூடில்ஸும் சாப்பிட்டார். அந்த நூடில்ஸைப் பற்றிக் கேட்காத காது குருநகரில் இல்லை.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கரையில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. மாதம் ஐந்நூறு ரூபாய் சந்தா. ஒரு வள்ளம் திரும்பி வராவிட்டால் மற்ற வள்ளங்கள் தொழிலைப் போட்டுவிட்டுத் தேடப் போகும். அந்த எண்ணெய்ச் செலவு சந்தாக் காசில்தான். காட் வந்த மாதமே கிறிஸ்ரோபர் சந்தாவை நிறுத்தினார். ரசீதுப் புத்தகத்தோடு வந்த சங்கத் தலைவர் அடைக்கலநாதனுக்கு வாசலில் வைத்தே சொன்னார்:

"அண்ணை, உங்கடை ஐந்நூறு மண்டைதீவுக்கு அங்காலை வராது. என்ரை காட் உலகம் முழுக்க வரும்."

அடைக்கலநாதன் புத்தகத்தை மூடினார். "சரி தம்பி, உலகம் வரட்டும்" என்றுவிட்டுப் போனார்.

புதன்கிழமை மத்தியானத்துக்கு வருவோம். கிறிஸ்ரோபர் சோற்றுக்கு முன்னால் இருக்கிறார். றெஜினாவின் தம்பி லெனாட், அத்தானின் வள்ளத்தை ஓட்டுகிறவன், ஈரக் காற்சட்டையோடு வாசற்படியில் நிற்கிறான்.

"அத்தான், இஞ்சின் மூச்சு வாங்குது. நேற்றும் ரெண்டு தரம் நிண்டு போச்சு. மெக்கானிக் கழட்டிப் பாத்திட்டு ஐம்பத்தெட்டாயிரம் சொல்லுறான். வாடைக் காத்தும் துவங்கிட்டுது."

"மெக்கானிக் எப்பவும் உப்பிடித்தான். அடுத்த மாசம் பாப்பம்."

"அடுத்த மாசம் வரைக்கும் காத்தை நிப்பாட்டி வைக்கச் சொல்லி ஆருக்குச் சொல்லுறது?"

"வாய் காட்டாதை லெனாட். இந்த மாசம் எனக்கு வேறை செலவு இருக்கு."

றெஜினா கறிச்சட்டியை நங்கென்று வைத்தாள். "என்ன வேறை செலவு? உந்தக் கறுப்புத் துண்டுக்கோ?"

"உமக்கு உது விளங்காது. காப்புறுதி மட்டும் எவ்வளவு பெறுமதி தெரியுமே? பாரிசுக்குப் போகேக்கை தேவைப்படும்."

"பாரிசிலை விசா தந்திட்டாங்களே? ரெண்டு தரம் திருப்பி விட்டவங்கள்."

"மூண்டாந்தரம் தருவாங்கள்."

"இஞ்சருங்கோ, நான் பள்ளிக்கூடத்திலை கணக்கிலை முட்டைதான். எண்டாலும் கேக்கிறன். வருசத்திலை ஒரு பயணம், அதுக்கு அறுபதாயிரம். அப்ப அந்த நூடில்ஸ் ஒரு நூல் என்ன விலை வரும்?"

லெனாட் சிரித்துவிட்டான். அதுதான் பிழை. சிரித்திராவிட்டால் சம்மாட்டியார் யோசித்திருப்பாரோ என்னவோ. இப்போது மானப் பிரச்சினையாகிவிட்டது. "காட் இருக்கும். இஞ்சின் அடுத்த மாசம்" என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். சோறு பாதி கோப்பையில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடியமுன் லெனாட்டும் கூட்டாளி ஜெரிசனும் நண்டு வலை எடுக்கப் போனார்கள். ஏழு மணிக்குக் கரைக்கு வரவேண்டிய வள்ளம். ஆறரைக்குக் கிறிஸ்ரோபரின் போன் அடித்தது.

"அத்தான், இஞ்சின் நிண்டிட்டுது. புங்குடுதீவுக்குத் தெற்காலை. காத்து வெளியாலை இழுக்குது. கெதியா…"

அவ்வளவுதான். பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடித்துப் பார்த்தும் லெனாட்டின் போன் வேலை செய்யவில்லை.

எட்டு மணிக்கு வாடி வாசலில் பத்துப் பேர். ஒன்பதுக்கு ஐம்பது பேர். லெனாட்டின் மனைவி றொசாந்தி ஏழு மாத வயிற்றோடு வந்து, ஒரு நண்டுக் கூடையைக் கவிழ்த்து அதில் இருந்தாள். அழவில்லை. கடலை மட்டும் பார்த்தாள். காற்று வடக்கிலிருந்து வீசியது. வெளியே இழுபட்டால் எல்லை. எல்லைக்கு அங்காலை போனால் இன்னொரு நாட்டுச் சிறையில் மறியல். அதுவும் ஆட்கள் வள்ளத்தில் இருந்தால்தான். இதைத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

கிறிஸ்ரோபர் மணிபேர்சைத் திறந்து காட்டை எடுத்தார். பின்பக்கத்தில் நம்பர் இருந்தது. "பயப்பிடாதேங்கோ, இப்ப உதவி வரும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, போனின் சத்தத்தையும் கூட்டிவிட்டு அடித்தார்.

பாட்டு வந்தது. வெறும் வாத்தியப் பாட்டு. ஆங்கிலத்தில் ஒருவர் இந்த இலக்கத்தை அமத்து, அந்த இலக்கத்தை அமத்து என்றார். அமத்தினார். மறுபடியும் பாட்டு. நாலு நிமிடம். ஏழு நிமிடம். அடைக்கலநாதன் ஒரு மூலையில் நின்று கொஞ்ச நேரம் அந்தப் பாட்டைக் கேட்டார். பிறகு கோயில் பக்கமாக நடந்தார்.

பதினோராம் நிமிடத்தில் ஒரு பெண்பிள்ளை வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை.

"வணக்கம் சார், நான் என்ன உதவி செய்யலாம்?"

"பிள்ளை, என்ரை ஆக்கள் ரெண்டு பேர் கடலுக்கை நிக்கினம். இஞ்சின் பழுது. கெதியா ஆரையும் அனுப்புங்கோ."

"மிகவும் வருந்துறோம் சார். அவங்க எந்தக் கப்பல்ல பயணம் செய்றாங்க?"

"கப்பல் இல்லை பிள்ளை. வள்ளம்."

"சரி சார். டிக்கெட் எங்க கார்டால வாங்கினதா? டிக்கெட் இலக்கம் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். கிறிஸ்ரோபர் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வள்ளத்துக்கு ஏது பிள்ளை ரிக்கெற்? அவங்கள் தொழிலுக்குப் போனவங்கள். நண்டு வலை."

"மன்னிக்கணும் சார். கார்டால டிக்கெட் வாங்கின பயணத்துக்குத்தான் காப்புறுதி இருக்கு. தொழில் சம்பந்தமான கடல் பயணம் இதில சேராது. வேற ஏதாவது உதவி வேணுமா சார்? இந்த வார இறுதியில கொழும்பு ஹோட்டல்கள்ல இருபது வீதம் கழிவு இருக்கு."

மற்ற நாளென்றால் இந்தக் கதையை வைத்து எங்கள் ஒழுங்கை ஆறு மாதம் சிரித்திருக்கும். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. றொசாந்தி மட்டும் முதல்முறையாகக் கடலிலிருந்து முகத்தைத் திருப்பிச் சம்மாட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மனிதர் தாங்கியிருப்பார்.

அப்போது கோயில் மணி அடித்தது. திருந்தாதிச் செப மணியுமல்ல, பூசை மணியுமல்ல, இடைவிடாத மணி. கரையில் பிறந்த குழந்தைக்கும் அதன் பொருள் தெரியும்: வள்ளம் ஒன்று திரும்பவில்லை. ஐஸ் பெட்டியை இறக்கினவர்கள் அப்படியே விட்டார்கள். கிழிந்த வலை பொத்தினவர்கள் எழும்பினார்கள். மண்ணெண்ணெய்க் கான்கள் கைக்குக் கை மாறின. அடைக்கலநாதன் கடற்படைக்கும் அறிவித்துவிட்டுத் திரும்பி வரமுன் ஒன்பது வள்ளங்கள் தள்ளியாயிற்று.

கிறிஸ்ரோபர் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். "அண்ணை… நான் சந்தா கட்டி ஒரு வருசம்…"

"கையை விடு, நான் வள்ளத்திலை ஏறோணும்" என்றார் அடைக்கலநாதன். "ரசீது பாத்துத் தேட அவங்கள் என்ன தபால் பொதியே? லெனாட் எங்கடை பெடியனடா."

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. றெஜினா செபமாலையை மூன்று தரம் உருட்டி முடித்தாள். கிறிஸ்ரோபர் பக்கத்தில் போய் நின்றார். அவள் தள்ளி இருந்தாள்.

"றெஜி…"

"ஐம்பத்தெட்டாயிரம்" என்றாள். மனிதர் அப்படியே மணலில் இருந்துவிட்டார். நண்டு நாற்றம் படும் என்று, கட்டின வெள்ளைச் சாரத்தோடு கரையில் ஒருநாளும் குந்தாத ஆள்.

இரண்டே காலுக்கு ஒரு வள்ளத்தின் சத்தம் கேட்டது. பிறகு பலது. முன் வள்ளம் கயிற்றில் இன்னொன்றை இழுத்து வந்தது. அதில் இரண்டு தலைகள். றொசாந்தி எண்ணினாள்: ஒன்று, இரண்டு. எண்ணி முடித்த பிறகுதான் அழுதாள்.

லெனாட்டின் உள்ளங்கைகள் கிழிந்து கிடந்தன. நண்டு வலைக் கயிறு முழுவதையும் நங்கூரக் கயிற்றோடு முடிந்து ஆழத்தில் விட்டு, அது அறுந்துவிடாமல் ஆறு மணித்தியாலம் ஆள் மாறி ஆள் பிடித்திருக்கிறார்கள். அது பிடித்திருக்காவிட்டால் எல்லை தாண்டியிருப்பார்களாம். வலை முழுக்கப் போய்விட்டது. ஜெரிசன் தண்ணீர் குடித்துவிட்டு மணலில் படுத்தான். லெனாட் அத்தானைக் கண்டான். உதடு வெடித்திருந்தாலும் வாய் அடங்கவில்லை.

"அத்தான், பசிக்குது. நூடில்ஸ் கிடக்கோ?"

கிறிஸ்ரோபர் அவனைக் கட்டிப்பிடித்துக் குலுங்கினார்.

நாலே முக்காலுக்குச் சம்மாட்டியின் போன் அடித்தது. வாடியில் கூட்டம் இன்னும் கலையவில்லை. கழற்றின இஞ்சின் மேசையில் கிடந்தது, கருகின பாகங்களோடு. போனின் சத்தம் காலையில் கூட்டினபடியே இருந்தது.

"சார், வங்கியிலிருந்து பேசுறோம். உங்க வருடாந்தக் கட்டணம் இன்னும் பதினைந்து நிமிடத்தில் உறுதியாகிடும். நீங்க மதிப்புள்ள வாடிக்கையாளர் என்கிறதால பாதிக் கட்டணம் கழிச்சுத் தாறோம். முப்பதாயிரம் மட்டும். கூட ரெண்டு தடவை விமான நிலைய அறைக்கு விருந்தாளியையும் கூட்டிப் போகலாம். தொடரலாமா சார்?"

பாதி விலை. கிறிஸ்ரோபரின் முகத்தில் பழைய வெளிச்சம் ஒரு கணம் மின்னிப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நண்டு யாவாரிக்குப் பாதி விலை என்ற சொல் பலவீனம். றெஜினா கண்ணை மூடினாள். மணிக்கூட்டில் நாலு நாற்பத்தெட்டு.

றொசாந்திதான் வாய் திறந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அண்ணை, காலமை அந்த நம்பருக்கு அடிச்சால் பாட்டு வந்தது. கோயில் மணி அடிச்சால் ஆக்கள் வந்தவை."

கிறிஸ்ரோபர் மேசையில் கிடந்த கருகின பாகத்தை எடுத்தார். கையில் கரி பட்டது. துடைக்கவில்லை.

"பிள்ளை, எனக்கு உது வேண்டாம். காட்டை நிப்பாட்டி விடுங்கோ."

"கால்வாசிக்குக் குறைக்க மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கட்டுமா சார்?"

"சும்மா தந்தாலும் வேண்டாம். சும்மா தந்ததாலைதான் இவ்வளவும்."

"சரி சார். ரத்துச் செய்றதுக்கு ஒரு காரணம் பதியணும். கட்டணம் அதிகம் என்று போடவா?"

கிறிஸ்ரோபர் சுற்றிப் பார்த்தார். அடைக்கலநாதன் வாசலில் நின்றார், ரசீதுப் புத்தகம் அவரிடம் இல்லை. லெனாட் கையில் துணி சுற்றிக்கொண்டு புட்டைக் குழைத்தான்.

"கட்டணம் கூடவெண்டு போடாதை பிள்ளை. அது பொய். நான் சொல்லுறதை எழுது. நான் பிளேன் ஏறினது வருசத்திலை ஒரு நாள். என்ரை ஆக்கள் கடலுக்குப் போறது முந்நூறு நாள். ஊரார் பாக்கிற அந்த ஒரு நாளுக்குக் காசு கட்டிப்போட்டு, என்ரை வீட்டுச் சோறு வாற முந்நூறு நாளையும் காவல் இல்லாமல் விட்டிட்டன். பெருமைக்குக் கட்டிற காசு வானத்திலை இருந்து விழுறேல்லை, எங்கடை ஆக்களின்ரை உயிருக்கு ஒதுக்கி வைச்சதிலை இருந்துதான் எடுபடுது. எந்தக் காசையும் கட்ட முன்னம், நான் போற வழிக்கு இது வருமோ எண்டு கேக்கோணும். நான் கேக்கேல்லை. அதுதான் காரணம்."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும் சார்" என்றாள் அந்தப் பிள்ளை, மெல்ல. "முந்நூறு நாள் வரைக்கும் எழுதிட்டேன். அதுக்குப் பிறகு இன்னொருக்காச் சொல்லுங்க."