கேப்டன் ஓட்டிய என்ஜின்

அண்ணனை நண்பர்கள் ‘கேப்டன்’ என்பார்கள். பயணியாகக்கூட அவன் விமானம் ஏறியதில்லை. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் தங்கை, வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டினாள். அதன் முதல் என்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று கருக்கியவன் இவன்தான். அன்று அப்பா ஊரில் இல்லை. அது வசதியாகப் போயிற்று. “என்ஜினுக்குக் காத்தைத் திருப்புற தகடெல்லாம் தப்பா மாட்டிட்டா” என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டான். அப்பாவும் நம்பி, “அண்ணனுக்கு எல்லாம் தெரியும், அவனைக் கேட்டுச் செய்” என்றார். அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. மறக்கிற ரகமும் இல்லை.

பதினோரு மாதத்தில் இரண்டாவது என்ஜினைப் பொருத்திவிட்டாள். பறக்கும்போது காற்று தானாக வந்து என்ஜினைக் குளிர்விக்கும். தரையில் நிற்கும்போது அந்தக் கொடுப்பினை கிடையாது. மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். என்ஜின் மூடியைக் கழற்றக் கூடாது. நாலு நிமிஷம்தான் ஓட்டலாம். சூடு இருநூறு டிகிரியைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் சீட்டில் எழுதி, இருக்கைக்கு எதிரே சூடு காட்டும் அளவிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இன்னொரு பெரிய அளவியை ஒயர் இழுத்து வெளியே கம்பத்தில் மாட்டினாள். பிறகு தானே போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“நீயே ஸ்டார்ட் பண்ணிக் குடுண்ணே. உன் கைராசி வேணும்.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நண்பர் பட்டாளத்தோடு வந்து இறங்கினான். இந்தத் தடவை அப்பாவும் ஊரில் இருந்தார், கூட்டத்தோடு வந்து நின்றார்.

“மூடியைக் கழட்டு, எல்லாரும் என்ஜினைப் பாக்கட்டும். மூக்கை இந்தப் பக்கம் திருப்பு, போட்டோவுக்கு வெயில் விழணும்.”

“காத்து வால் பக்கமிருந்து அடிக்குமேண்ணே. அந்தச் சீட்டைப் படிச்சுக்கோ.”

“எனக்கேவா?”

திருப்பினாள். மூடியைக் கழற்றினாள். என்ஜின் உறுமியது. நூற்றைம்பது, நூற்றெண்பது என்று ஏறியது. கேப்டன் கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான். இருநூறு தாண்டியது. அவள் கை காட்டினால் நிறுத்த வேண்டும் என்பது பேச்சு. அவள் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள்.

இருநூற்று முப்பது. அப்பா கம்பத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “நிறுத்தச் சொல்லும்மா!”

“அண்ணனுக்கு எல்லாம் தெரியும்ப்பா.”

இருநூற்று எழுபதில் என்ஜின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறுகி நின்றது. எண்ணெய் கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. கேப்டன் இறங்கி, “தகடு தப்பா...” என்று ஆரம்பித்தான். கூட்டம் அவனைப் பார்க்கவில்லை, கம்பத்தைப் பார்த்தது. ஒருத்தன் சிரித்தேவிட்டான். கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு இனித்தது. பதினோரு மாத உழைப்பு கண்ணெதிரே கருகியும் இனித்தது.

“போன தடவையும் இப்படித்தானாம்மா?” என்றார் அப்பா.

“இப்படியேதான்.”

அவர் என்ஜினைத் தொடப் போய், சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

“அவன் தெரியாம எரிச்சான். நீ தெரிஞ்சே எரிய விட்டுட்டியே.”

“ஆமாப்பா. அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா இதாவது பொழைச்சிருக்கும்.”