சொந்தக் கையால் எழுதவும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு அருகே, ஏஜென்ட் ஆபீஸ் மாடிப்படியில் பன்னிரண்டு பேர் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஈராக்கில் அமெரிக்க ராணுவ முகாமின் சமையல்கூடத்தில் வேலை பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். வேறொரு முகாமுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி வரவழைத்திருந்தார்கள்.

பழைய முகாமில் ஷெல் விழும்போது சிப்பாய்கள் கவச உடையோடு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். சமையல்காரர்கள் சமையல் மேடைக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். அப்படிச் சமையல்காரர் இருவர் செத்த மறுநாள் யாரும் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாப்பாட்டுக்கூடச் சுவரில் கையால் எழுதிய தமிழ்த்தாள் ஒன்று ஒட்டியிருந்தது: 'சிப்பாய்க்கு இரும்புச் சட்டை. சமைக்கிறவனுக்குத் துணி ஏப்ரன்.' எழுதியவன் செல்லத்துரை, பி.ஏ. படித்தவன். போர் வேண்டாமென்று சிப்பாய்களே ரகசியமாக அச்சடித்த தாளை ஒரு அமெரிக்கன் அவனுக்குக் காட்டியிருந்தான். அதிலிருந்து வந்த யோசனை. எழுதியது யாரென்று கம்பெனிக்காரர்கள் எவ்வளவு விசாரித்தும் ஒருவர்கூடச் சொல்லவில்லை; எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏஜென்டின் ஆள் உபைதுல்லா வெள்ளைத்தாள் கொடுத்தார். "பேரு, ஊரு, பார்த்த வேலை. தமிழ்லயே எழுதுங்க. அவங்கவங்க கைப்பட எழுதணும்."

பஞ்சநதம் தன் தாளைச் செல்லத்துரையின் மடியில் வைத்தார். "நான் எழுதுனா கோழி கிளறுன மாதிரி இருக்கும். நீயே போட்டுடு தம்பி."

"கைப்படன்னாரேண்ணே?"

"ஆமா, அங்க மட்டும் என் பொண்டாட்டிக்கு லெட்டர் யாரு எழுதுனா? நீதானே குடும்பம் நடத்துன!"

படி முழுக்கச் சிரித்தது. அன்சாரும் தாளை நீட்டினார். "கண்ணாடி எடுத்துட்டு வரலப்பா. எம் பொண்ணு மர்யமுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். இந்த வேலை கெடச்சே ஆவணும். அழகா எழுது."

மற்றவர்களும் நீட்டினார்கள். செல்லத்துரை பன்னிரண்டையும் அழகாக எழுதினான்.

ஒரு மணி நேரம் கழித்து உபைதுல்லா வெளியே வந்தார். கையில், முகாம் சுவரில் ஒட்டியிருந்த தாளின் ஜெராக்ஸ்.

"இத எழுதுனவன் யாருன்னு பாக்கத்தான் எழுதச் சொன்னாங்க. பன்னெண்டுலயும் அதே கையெழுத்து."

செல்லத்துரை எழுந்தான். "நான்தான் பாய். இவங்களுக்கும் நான்தான் எழுதிக் குடுத்தேன். என்னை மட்டும் நீக்கிடுங்க."

"எனக்குப் புரியுது தம்பி. கம்பெனிக்காரனுக்குத் தமிழா தெரியும்? எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாத்தான். பன்னெண்டு பேரையும் லிஸ்ட்லேர்ந்து அடிச்சிட்டான். இனி எந்த முகாமுக்கும் போக முடியாது."

கீழே கேட் மூடியிருந்தது. நெல் ஏற்றிய கூட்ஸ் நகர மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் படியிறங்கினார்கள். டீக்கடை முன்னால் அன்சார் திரும்பி, நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"பதினோரு டீ போடுங்க," என்றார்.